மிளகாயின் மதியச் சாப்பாடு

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் நான் வாயைத் திறந்தாலே நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. கிழித்துப் போட்டால்கூட, இந்தப் பயல் என்னதான் எழுதியிருக்கிறான் என்று துண்டுகளைச் சேர்த்து வைத்துப் படிக்கிற ஆள் நீ. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

உன் பண்ணையிலிருந்து குட்டி வந்து சேர்ந்த வாரம் உன்னிடம் போனில் கத்தியது தப்புத்தான். ஆனால் நான் கத்தியதற்கான காரணம் என் தோள்பட்டையில் பல் பல்லாகப் பதிந்திருந்தது. தாயில்லாக் குட்டி, கையாலேயே வளர்த்தேன், சாது என்று சொல்லி அனுப்பினாய். அங்கே உனக்கு அவள் சின்னவள். இங்கே குதிரைப்படை லாயத்தில் அவளுக்கு மிளகாய் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் வைக்கவில்லை. லாடம் அடிப்பவர் வைத்தார், அவளுக்குப் பயந்து ஜன்னல் வழியாக வெளியே குதித்த பிறகு.

மூன்று வயது ஆகப்போகிறது. இன்னும் ஓரிடத்தில் நிற்கத் தெரியவில்லை. சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி வந்து தரையில் பாதை போட்டுவிட்டாள். காய்ந்த புல் போட்டால் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. காலால் தள்ளிவிட்டு ஓட்ஸ் வாளியை உதைக்கிறாள். ஓட்ஸ் தின்றால் இன்னும் மோசம். ஒரு குடை விரிந்தால் போதும், பிசாசைப் பார்த்ததுபோல் ஓடுகிறாள். போலீஸ் குதிரை குடைக்குப் பயந்தால் மழைநாளில் எந்தக் கூட்டத்தின் நடுவே போய் நிற்பது?

எங்கள் படைத் தலைவர் பெரிய ஐயா தெளிவாகச் சொல்லிவிட்டார். அக்டோபரில் திடல் சோதனை. முரசு, புகை, குடை, கூச்சல் எல்லாவற்றுக்கும் நடுவே அசையாமல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஏலத்தில் கழித்துவிடுவார்களாம். கடிக்கிற குதிரையை ஏலத்தில் யார் எடுப்பார்கள், எதற்கு எடுப்பார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் லாயத்து டாக்டரம்மா ஒன்று கேட்டார். பிறந்த நாள் முதல் அவளுக்கு என்ன கொடுத்து வளர்த்தாய் என்று ஒன்று விடாமல் எழுது. அவருக்கு அது முக்கியமாம். நீ வளர்த்ததெல்லாம் இப்படித்தான் ஆகுமா என்று நான் அவரிடம் விளையாட்டாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. சீக்கிரம் எழுது.

தம்பி


பிப்ரவரி 15

குதிரைப்படைப் பயிற்சியாளர் அவர்களுக்கு,

தங்கள் விசாரணைக் கடிதம் கிடைத்தது.

தாய்க்குதிரை குட்டியைப் போட்ட கையோடு செத்துப்போனது. ஈரம்கூடக் காயாத குட்டியை நான் என் மேல்சட்டையில் சுற்றித் தூக்கி வந்தேன். பிழைக்காது என்று மேலாளர் சொன்னார். பிழைத்தது. கோடை முடியும்வரை அதன் பக்கத்திலேயே தரையில் படுத்தேன். என் முழங்கால் இன்றைக்கும் அதை நினைவு வைத்திருக்கிறது. பிழைத்த குட்டியை உன்னிடம் அனுப்பினால், என்ன போட்டுக் கெடுத்தாய் என்று கேட்கிறாய்.

"நீ வளர்த்ததெல்லாம்" என்று எழுதியிருக்கிறாய். நான் வளர்த்தது மொத்தம் இரண்டு. ஒன்று உன் லாயத்தில் நிற்கிறது. இன்னொன்று எனக்குக் கடிதம் எழுதுகிறது.

அம்மா போனபோது உனக்கு ஐந்து மாதம். எனக்குப் பதினொரு வயது. அப்பா அச்சகத்துக்குப் போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. வீட்டில் டப்பாப் பாலும் சர்க்கரையும் இருந்தன. கீழ்க்கடையில் இனிப்பு பன் இருந்தது. பாலில் பன்னை ஊறவைத்து உனக்கு ஊட்டினேன். நீ அழாமல் தின்றது அது ஒன்றுதான். அதையே கொடுத்தேன், வருஷக்கணக்கில். வேறு என்ன கொடுக்க வேண்டும் என்று சொல்லித்தர அந்த வீட்டில் யார் இருந்தார்கள்?

உனக்கும் முப்பத்திரண்டு பல் இருக்கிறது. நீயும் நன்றாகத்தான் கடிக்கிறாய்.

டாக்டரம்மாவுக்கு என் வணக்கம். உனக்கு இல்லை.

குட்டிக் கொட்டில் பொறுப்பாளர்


மார்ச் 1

அக்கா,

வணக்கம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வாசித்தால் போதும். அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. எழுதும்போது அது என்னைப் பற்றிய கேலி. உன்னைப் போய்த் தைக்கும் என்று எனக்கு உறைக்கவில்லை. எனக்கு எதுதான் உடனே உறைத்திருக்கிறது?

டாக்டரம்மாவிடம் உன் கடிதத்தைக் காட்டவில்லை, கவலைப்படாதே. அக்கா கோபமாக இருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். கோபப்படாமல் என்ன செய்வார் என்று கேட்டுவிட்டு, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். சாக்பீஸால் தரையில் ஒரு குதிரை வரைந்தார். குதிரை மாதிரி இல்லை, ஏதோ மூட்டை மாதிரி இருந்தது. மூட்டைக்குள் ஒரு பெரிய குடல். அங்கிருந்து தலைக்கு ஒரு நீளக் கோடு.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தமட்டும் எழுதுகிறேன். குடலில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. நார் தின்றால் ஒரு கூட்டம் செழிக்கிறது. சர்க்கரையும் மாவும் தின்றால் வேறொரு கூட்டம். அவை எதைச் சமைத்து ரத்தத்தில் கலக்கின்றனவோ அதுவும் மனநிலையைத் தொடுகிறது. அந்த நீளக் கோடு ஒரு நரம்பு. மூளை வயிற்றுக்குச் சொல்வதைவிட வயிறு மூளைக்குச் சொல்வதுதான் அதில் அதிகமாம். குட்டியாக இருக்கும்போது முதலில் வந்து குடியேறுகிறவர்கள் லேசில் வீட்டைக் காலி செய்வதில்லை என்றும் சொன்னார்.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். "குட்டி, பெரிய குதிரையோட லத்தியைத் தின்னுச்சா?"

சுற்றி நின்ற காவலர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் துறையில் லத்தி என்றால் கையில் பிடிக்கிற தடி, சாணம் இல்லை. ஆனால் அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பிறந்த குட்டி முதல் வாரங்களில் தாயின் லத்தியைக் கொஞ்சம் தின்னுமாம். அசிங்கம் என்று நாம் முகம் சுளிக்கிறோம். புல்லைச் செரிக்கிற குடித்தனக்காரர்கள் குட்டியின் வயிற்றுக்குள் போக அதுவும் ஒரு வழியாம்.

நான் சிரிக்கவில்லை. உன் குட்டிக் கொட்டில் ஞாபகம் வந்தது. அந்தத் தரையில் இலை போட்டுச் சாப்பிடலாம்.

சொல்லு அக்கா. தின்றாளா?

தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

தின்னவில்லை. தின்ன விட்டிருந்தால்தானே?

என் கொட்டில் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். சிறந்த பராமரிப்புக்கான வெள்ளித் தட்டு தொடர்ந்து என் சுவரில்தான் தொங்குகிறது. லத்தி தரையில் விழுந்து சத்தம் அடங்குவதற்குள் அள்ளியாகிவிடும். அதுவும் சின்னவள் பிறந்த வருஷம், அவளுக்கு முன்னால் ஒரு குட்டி வயிற்றுப்போக்கில் போய்விட்டது. அதனால் இவளைத் தனியே வைத்தேன். காலையும் மாலையும் கிருமிநாசினி ஊற்றிக் கழுவினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தேன். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற குதிரையின் லத்தியில் மூக்கை வைத்தாள். மூக்கிலேயே ஒன்று போட்டேன். அதன் பிறகு அவள் அந்தப் பக்கம் போகவில்லை. நல்ல பழக்கம் கற்றுக்கொண்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சாப்பாடு கேட்டாய். பால்மாவு. குடிக்க மறுத்தாள், சர்க்கரை சேர்த்தேன், குடித்தாள். பிறகு இடித்த ஓட்ஸில் கரும்புப் பாகு. ரொட்டித் துண்டு. புல் வைத்தால் திரும்பிக்கொள்வாள். நான் வற்புறுத்தவில்லை. பாவமாக ஒரு பார்வை பார்த்தால் நான் கரைந்துபோவேன் என்று அவளுக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

டாக்டரம்மாவின் மூட்டைப் படத்தை நினைத்துக்கொண்டே மூன்று நாளாகக் கொட்டிலில் நடமாடுகிறேன். ஒன்று கேட்கிறேன். நீ சின்ன வயதிலிருந்தே உம்மணாமூஞ்சிதான். விளையாடப் போக மாட்டாய். பெரியவனான பிறகும் நாள்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாய். அம்மா இல்லாத பிள்ளை, அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். அப்படியானால் நான் ஊட்டிய அந்தப் பன்னும் பாலும்

வேண்டாம். இதற்குப் பதில் எழுதாதே.

அக்கா


மார்ச் 25

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். நீ சொன்னதை நான் எப்போது கேட்டிருக்கிறேன்?

டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டேன். சின்ன வயதில் பன்னும் சர்க்கரைப் பாலுமாக வளர்ந்த ஒருவன் பெரியவனாகிச் சுவரைப் பார்த்துப் படுத்தால், அதற்கு அந்தப் பன் காரணமா? அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் குதிரை டாக்டர்" என்றார். சுற்றி யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு பிறகு பேசினார். சின்ன வயதுச் சாப்பாட்டுக்கும் மனதுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றனவாம். ஆனால் வளர்ந்த ஒரு ஆளைக் காட்டி இது பன்னால் வந்தது, இது பிறவியில் வந்தது, இது தாய் போனதால் வந்தது என்று பிரித்துச் சொல்ல உலகத்தில் ஒருவராலும் முடியாதாம். அது ஒற்றை நூல் இல்லை, கயிறு என்றார்.

இன்னொன்றும் சொன்னார். அதைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று ஓடி வந்தேன். பழைய குடித்தனக்காரர்களை மாற்ற முடியுமாம். வயதான பிறகு கஷ்டம், மெதுவாகத்தான் நடக்கும், தொடர்ந்து செய்ய வேண்டும். ஆனால் முடியுமாம்.

ஆரம்பித்துவிட்டோம். ஓட்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறோம். பாகு கிடையாது. விதவிதமான காய்ந்த புல்லை வலையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். பக்கத்துக் கொட்டடியில் மேஜர் இருக்கிறாள். கிழட்டுப் பெண்குதிரை, வெடி வெடித்தாலும் கொட்டாவி விடுவாள். அவளுக்குப் பூச்சி கீச்சி இல்லை என்று டாக்டரம்மா சோதித்து முடித்ததும், நடுத்தடுப்பை எடுத்துவிட்டோம். மேஜரின் லத்தியை அள்ளுவதையும் நிறுத்தினோம்.

பெரிய ஐயா பார்வையிட வந்த நாளில் மணம் வாசலிலேயே அவரை வரவேற்றது. நான் நெஞ்சை நிமிர்த்தி, விறைப்பாக நின்று, லத்தியை ஏன் அள்ளக் கூடாது என்று அவருக்கு விளக்கினேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். டாக்டரம்மா வந்து சொன்ன பிறகுதான் போனார். போகும்போது கைக்குட்டையை எடுக்கவே இல்லை மூக்கிலிருந்து.

மறுநாள் மிளகாய் குனிந்தாள். முகர்ந்தாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அடி விழுமோ என்று பார்த்தாள் என்று இப்போது புரிகிறது. நான் திரும்பி நின்றுகொண்டேன். கொஞ்சம் தின்றாள். காவலர்கள் முகத்தைச் சுளித்தார்கள். நான் கை தட்டினேன்.

ஆனால் புல்லைத் தொடவில்லை அக்கா. ஓட்ஸ் குறையக் குறையக் கதவை உதைத்து உடைக்கிறாள். நேற்று விலா எலும்பு தெரிகிற மாதிரி இருந்தது. மனசு கேட்காமல் வாளியைத் தூக்கிவிட்டேன், டாக்டரம்மா கையைப் பிடித்துத் தடுத்தார். அவளை உனக்குத்தான் தெரியும். எப்படித் தின்ன வைப்பது?

தம்பி


ஏப்ரல் 9

உம்மணாமூஞ்சிக்கு,

நீ அவள் எதிரே நின்று, தின்கிறாளா தின்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருப்பாய். அப்படி நின்றால் உன் மாமியார்கூடச் சாப்பிட மாட்டாள். உனக்கு மாமியாரே இல்லை என்பது வேறு விஷயம்.

சின்னவள் தனியாகத் தின்ன மாட்டாள். பக்கத்தில் யாராவது தின்ன வேண்டும். இங்கே நான் சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவளைக் கவனிக்காத மாதிரி மென்றுகொண்டிருப்பேன். நான் பாதி முடிப்பதற்குள் அவளும் வாயை வைப்பாள். எனவே மத்தியானம் உன் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கொட்டடிக்குள் போய் உட்கார். புல்வலை உன் தோளுக்குப் பக்கத்தில் தொங்கட்டும். மேஜர் அந்தப் பக்கம் மெல்லட்டும். பேசாதே.

அப்புறம், மத்தியானம் நீ என்ன சாப்பிடுகிறாய் என்று எனக்குத் தெரியும். தேநீரும் பன்னும். இந்த வயதிலும். அதைக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் உன் பன்னைத்தான் பிடுங்குவாள். காய், கீரை, பயறு, மோர் என்று ஒழுங்காகச் சமைத்து எடுத்துப் போ. குதிரைக்கு ஒரு நியாயம், குதிரைக்காரனுக்கு ஒரு நியாயமா?

இங்கே ஒரு செய்தி. போன வாரம் மறுபடியும் ஒரு குட்டி தாயை இழந்தது. ஆண் குட்டி, முழுக் கறுப்பு. இந்த முறை தனியே வைக்கவில்லை. பால் வற்றாத ஒரு தாய்க்குதிரையோடு சேர்த்துவிட்டேன். முதல் நாள் உதைத்தது, மறுநாள் நக்கியது. அவர்கள் கொட்டடியில் லத்தியை உடனே அள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேலாளர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். ஜூன் மாதம் தட்டுக்கான பரிசோதகர்கள் வருவார்கள் என்று நினைவூட்டினார். வரட்டும் என்றேன்.

நான் எதையும் ஒப்புக்கொண்டதாக நினைத்துக்கொள்ளாதே. செய்துதான் பார்க்கிறேன்.

அக்கா


ஜூலை 2

அக்கா,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் கடைசியில் வரும். முதலில் நல்லது.

நீ சொன்ன மாதிரியே டப்பாவோடு போய் உட்கார்ந்தேன். முதல் நாள் என் தொப்பியைக் கடித்தாள். இரண்டாம் நாள் கீரையைப் பிடுங்கினாள். அந்த வாரக் கடைசியில் நான் மோரைக் குடித்துக்கொண்டிருக்கும்போது தோளுக்கு மேலே கறுக் கறுக்கென்று சத்தம் கேட்டது. திரும்பவில்லை. கண்ணில் தண்ணீர் வந்ததை யாரும் பார்க்கவில்லை, மேஜரைத் தவிர. மேஜர் யாரிடமும் சொல்ல மாட்டாள்.

மே மாதத்தில் கதவை உதைப்பது நின்றது. சுவரை ஒட்டிச் சுற்றுவது குறைந்தது. ஒருநாள் காலையில் போனால் காலை நீட்டி, வாயைப் பிளந்து, பக்கவாட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். இங்கே வந்ததிலிருந்து அவள் படுத்து நான் பார்த்ததில்லை. செத்துப்போனாள் என்று நினைத்து அலறிவிட்டேன். எழுந்து நின்று என்னைக் கேவலமாக ஒரு பார்வை பார்த்தாள். லாடம் அடிப்பவர் இப்போது வாசல் வழியாகவே வந்து வாசல் வழியாகவே போகிறார். என்னை மிளகாய் வீட்டு மாப்பிள்ளை என்று எல்லோரும் கூப்பிடுகிறார்கள்.

இனி கெட்டது. போன மாதம் ஒத்திகை. முரசுக்கு நின்றாள், புகைக்கு நின்றாள். குடை விரிந்ததும் ஓடினாள். பெரிய ஐயா பார்த்துப் பார்த்து வளர்க்கும் ரோஜாப் பாத்தியின் நடுவே ஓடினாள். அவர் உடைந்த செடிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தார். பிறகு, அக்டோபர்தான் கடைசி, அதற்கு மேல் தன்னிடம் வரக் கூடாது என்றார்.

அன்று அறைக்குப் போய்ப் படுத்தேன். உனக்குத் தெரிந்த அதே படுக்கைதான், சுவரைப் பார்த்து. மறுநாளும் எழவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். மூன்றாம் நாள் மத்தியானம் கதவைத் தட்டினார்கள். லாடம் அடிப்பவர் நின்றார். "மிளகாய் ரெண்டு நாளா புல்லைத் தொடலை. உன் இடத்தையே பார்த்துக்கிட்டு நிக்குது. நீ சாப்பிட்டாத்தான் அதுவும் சாப்பிடும்போல. எழுந்து வா."

எழுந்தேன் அக்கா. எனக்காக எழுந்திருக்க மாட்டேன். பயற்றை வேகவைத்து, டப்பாவில் போட்டுக்கொண்டு, முகம்கூடக் கழுவாமல் போய் உட்கார்ந்தேன். பசியே இல்லை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் மென்றேன். அவளும் மென்றாள். டப்பா காலியானபோது எனக்கு உண்மையாகவே பசித்தது.

டாக்டரம்மா இதைக் கேள்விப்பட்டு, மனிதர்களைப் பார்க்கிற ஒரு டாக்டரின் முகவரியைக் கையில் திணித்தார். போய்விட்டு வந்தேன். இனியும் போவேன்.

அங்கே உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தபோது ஒரு ஞாபகம் வந்தது. சின்ன வயதில் நீ எனக்கு ஊட்டும்போது உன் வாயும் அசைந்துகொண்டே இருக்கும். நீயும் சாப்பிடுகிறாய் என்று நினைத்துத்தான் நானும் சாப்பிடுவேன். வீட்டில் ஒரு பன்தானே இருக்கும் அக்கா. நீ எதை மென்றாய்?

தம்பி


ஜூலை 14

உம்மணாமூஞ்சிக்கு,

ஒன்றையும் மெல்லவில்லை. வெறும் வாயைத்தான் அசைத்தேன். நான் சாப்பிடாவிட்டால் நீ வாயைத் திறக்க மாட்டாய். ஐந்து மாதத்திலேயே அவ்வளவு பிடிவாதம். சும்மா சொல்லக் கூடாது, நன்றாக நடிப்பேன். நடுநடுவே விழுங்குவேன், தண்ணீர் குடிப்பேன், ருசியாக இருக்கிறது என்று தலையாட்டுவேன். பல வருஷம் நீ கண்டுபிடிக்கவில்லை. இப்போது ஒரு குதிரை வந்து உனக்குக் காட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது.

நீ டாக்டரிடம் போனதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். நல்ல வேலை செய்தாய். தொடர்ந்து போ.

அந்தக் கறுப்புக் குட்டிக்கு மூன்று மாதம் ஆகிறது. லத்தி தின்றான், புல் தின்றான், மேலாளரின் தொப்பியைத் தின்றான். மற்றக் குட்டிகளோடு வேலியோரம் ஓடுகிறான். யாராவது தட்டைக் கீழே போட்டுச் சத்தம் வந்தால் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்கிறான். சின்னவள் அந்த வயதில் அப்படித் திரும்பிப் பார்த்ததே இல்லை, ஓடி என் பின்னால் ஒளிவாள்.

பரிசோதகர்கள் வந்தார்கள். அந்தக் கொட்டடியைப் பார்த்தார்கள். குறிப்பெடுத்தார்கள். தட்டு மாட்டுக் கொட்டிலுக்குப் போய்விட்டது. சுவரில் அது தொங்கிய இடம் மட்டும் வெள்ளையாக வட்டமாக இருக்கிறது. வருத்தமா என்று மேலாளர் கேட்டார். குட்டியைப் பாருங்கள் என்றேன். பார்த்தார். அடுத்த பருவத்துக்கு எல்லாக் கொட்டடியிலும் இப்படியே செய்யலாமா என்று கேட்கிறார், அவருக்கே வந்த யோசனை போல.

குடைக்கு ஒன்று சொல்கிறேன். சாப்பிடும்போது குடையைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள். முதலில் தூரத்தில், பிறகு கிட்டே. வயிறு அமைதியாக இருக்கும்போது பார்த்துப் பழகினால் பயம் தேயும். காவலர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அக்டோபர்வரை நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன்.

அக்கா


அக்டோபர் 21

அக்கா, அக்கா, அக்கா,

உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் குதிப்பாய், உன் முழங்கால் தாங்காது.

காலையில் திடலைச் சுற்றிக் கூட்டம். எட்டுக் குதிரைகள். மிளகாய் மேல் நான். முரசடித்தார்கள், காதை மட்டும் திருப்பினாள். பயிற்சிக் காவலர்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு கத்தியபடி எதிரே ஓடி வந்தார்கள், மூச்சை இழுத்துவிட்டாள். புகைக்குள் போய் வெளியே வந்தாள். கடைசியில் குடை. பத்துப் பேர் வரிசையாக நின்று, அவள் மூக்குக்கு நேரே, படார் படாரென்று விரித்தார்கள்.

என் தொடைக்குக் கீழே அவள் வயிறு ஒருமுறை நடுங்கியது. அப்புறம் அவள் கழுத்தை நீட்டி, முதல் குடையை முகர்ந்து, அடுத்ததை முகர்ந்து, வரிசை முழுக்க முகர்ந்துகொண்டே நடந்தாள். எதைத் தேடினாள் தெரியுமா? சாப்பாட்டு டப்பாவை. மூன்று மாதமாகக் குடை இருந்த இடத்தில் எல்லாம் சாப்பாடு இருந்ததே.

அதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் அப்போது ஒரு காற்று வந்தது. அதிகாரிகள் உட்கார்ந்திருந்த துணிக்கூடாரம் பிய்த்துக்கொண்டு கிளம்பித் திடலின் நடுவே வந்து விழுந்தது. மூன்று குதிரைகள் வேலியைத் தாண்டி ஓடின. ஒரு காவலர் மண்ணில் உட்கார்ந்திருந்தார். துணியின் ஒரு முனை பறந்து வந்து மிளகாய் தலையை மூடியது. இது ஒத்திகையில் இல்லை அக்கா. யாரும் இதற்குச் சொல்லித்தரவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நின்றாள். தலைமேல் துணியோடு சிலை மாதிரி நின்றாள். துணிக்கு அடியிலிருந்து கறுக் கறுக்கென்று சத்தம் வந்தது. கூடாரத்தின் கயிற்றைத் தின்றுகொண்டிருந்தாள்.

கூடாரத்தைப் பிடிக்கப் போய் அதோடு இழுபட்டு வந்த பெரிய ஐயா, சட்டையெல்லாம் மண்ணோடு, அதன் அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தார். நிமிர்ந்து, மிளகாய் தலைமேல் கிடந்த துணியை விலக்கியபோது அவள் முகத்துக்கு நேரே இருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்பு என்றால் அவர் காது போயிருக்கும். மிளகாய் அவர் தோளில் மோவாயை வைத்து ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு சாவகாசமாக வாலைத் தூக்கி லத்தி போட்டாள்.

துப்புரவு ஆள் அள்ள ஓடி வந்தார். பெரிய ஐயா கையை நீட்டித் தடுத்தார். "அள்ளிக் குப்பையில கொட்டாதீங்க. புதுசா ரெண்டு குட்டி வந்திருக்கில்ல, அதுங்க கொட்டடிக்குக் கொண்டு போங்க." பின்னாலிருந்து டாக்டரம்மா சத்தம் போட்டார். "முதல்ல பூச்சி இருக்கான்னு நான் பார்க்கணும் ஐயா." திடல் முழுக்கச் சிரித்தது. நான் சேணத்தில் உட்கார்ந்து அழுதேன்.

முதல் தரத்தில் தேர்ச்சி. இனி யாரும் அவளை ஏலத்துக்கு அனுப்ப முடியாது. பெயரை மாற்றலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றோம், எல்லோரும் சேர்ந்து.

புல்லா, லத்தியா, மேஜரின் துணையா, குடைப் பயிற்சியா, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா இப்போதும் சொல்கிறார். கயிறுதான். அந்தக் கயிற்றில் உன் நூல் எது என்று எனக்குத் தெரியும். தெரியாமல் கொடுத்த சர்க்கரை ஒரு நூல் என்றால், வெறும் வாயை மென்று பக்கத்தில் உட்கார்ந்தது இன்னொரு நூல். சர்க்கரையை மாற்ற ஏழு மாதம் ஆனது. பக்கத்தில் யாரும் உட்காராமல் போயிருந்தால் அவளையும் என்னையும் என்ன கொடுத்து மாற்றியிருக்க முடியும்?

ஜூலைக்குப் பிறகு நான் ஒரே ஒருமுறைதான் சுவரைப் பார்த்துப் படுத்தேன். மத்தியானத்துக்குள் எழுந்துவிட்டேன்.

பிப்ரவரியில் உனக்கு ஒரு வரி எழுதினேன். அதை இன்றைக்குத் திருத்தி எழுதுகிறேன், லாயத்து வாசலில் பெரிதாக எழுதிப் போடச் சொன்னாலும் போடுவேன். நீ வளர்த்ததெல்லாம் இப்படித்தான் ஆகும், அக்கா.

தம்பி


அக்டோபர் 29

என் தம்பிக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். அப்படியும் குதித்தேன். முழங்கால் வலிக்கிறது, சந்தோஷமாக இருக்கிறது.

உன் கடிதத்தைக் கொட்டிலில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பெரிய ஐயா தவழ்ந்து வந்த இடத்தை மேலாளர் இரண்டு முறை படிக்கச் சொன்னார். கடைசி வரியை மட்டும் யாருக்கும் படிக்கவில்லை. அந்த வரியை மட்டும் கிழித்தெடுத்து மடித்து, சுவரில் தட்டு இருந்த வெள்ளை வட்டத்தில் ஒட்டிவிட்டேன். இப்போது இடம் காலியாக இல்லை.

இனிமேல் போனே பண்ணு. எடுப்பேன். முழுக்கப் பேசி முடித்த பிறகுதான் வைப்பேன்.

விடுப்புச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் லாயத்தில் இருப்பேன். நீ ஒன்றும் சமைக்க வேண்டாம், நான் கொண்டுவருகிறேன். கொட்டடியில் உன் இடத்துக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போடு. சின்னவளுக்குப் புல்வலையைக் கட்டிவை. நாம் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுவோம்.

என் வாயை உற்றுப் பார்த்துக்கொள். இந்த முறை அதில் நிஜமாகவே சோறு இருக்கும்.

அக்கா